மழையில் டீசல் போட்டதும் மஞ்சள் விளக்கு: ஃபில்டரில் தண்ணீர் வந்தால் என்ன செய்வது?

காவிரிக்கரை (தஞ்சாவூர்)
வணக்கம். பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல், 2021 மாடல், ஏழு பேர் உட்காரும் வண்டி. சென்னையிலிருந்து திரும்பும் வழியில் கொட்டுகிற மழையில் ஒரு பங்க்கில் டேங்க்கை நிரப்பினேன். கொஞ்ச தூரம் ஓடியதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு. ஃபில்டர் போல ஒரு படம், அடியில் சொட்டுகள். இழுவையில் குறை தெரியாததால் வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே விளக்கு, கூடவே ஐடிலில் லேசான உதறல். பங்க்குக்கு போன் செய்தால் "டென்சிட்டி (அடர்த்தி) சரியாக இருக்கிறது சார், வேண்டுமானால் ரெஜிஸ்டரைக் காட்டுகிறோம்" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். அதுவரை ஊருக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ளலாமா?

புது டிரைவர்
அது செக் இன்ஜின் விளக்கா சார்? எனக்கும் அவ்வப்போது வரும், தானாகப் போய்விடும்.

பம்ப்ஷாப் அண்ணாச்சி (திருநெல்வேலி)
தம்பி, ஓட்ட வேண்டாம். முடிந்தால் சாவியையே திருப்ப வேண்டாம். அது செக் இன்ஜின் விளக்கு இல்லை, ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்கிற விளக்கு. கிண்ணத்தின் அடியில் இரண்டு கம்பி முனைகள் இருக்கும். டீசலில் மின்சாரம் பாயாது, தண்ணீரில் பாயும். தண்ணீர் அந்த முனைகளைத் தொட்டதும் விளக்கு எரியும். அதாவது விளக்கு வந்தபோதே தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறிவிட்டது. அதற்கு மேல் வருவது பம்ப்புக்குத்தான் போகும். உதறல் வேறு இருக்கிறது என்கிறீர்கள், கொஞ்சம் தாண்டிப் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, ஃபில்டருக்கு அடியில் பாத்திரம் வைத்து, வடிகால் திருகைக் கையால் இரண்டு சுற்று தளர்த்துங்கள். ஸ்பானர் போடாதீர்கள், அது பிளாஸ்டிக், உடைந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள், கீழே ஊற்றிவிடாதீர்கள். பிறகு பங்க்கோடு பேச அந்த பாட்டில் வேண்டும். ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

பழைய அம்பாசடர்
நான் டீசல் அம்பாசடர், அப்புறம் ஜீப் எல்லாம் ஓட்டியவன். கேனில் கிடந்த டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றினால் ஓடும். தண்ணீர் வந்தால் இரண்டு இருமல் இருமிவிட்டு வண்டி தன் போக்கில் போகும். இப்போது ஒரு விளக்கு எரிந்ததற்கு இவ்வளவு பதற்றமா?

மைக்ரான் (ஓசூர்)
ஃபில்டர் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அம்பாசடர் சார் சொல்வது அவருடைய வண்டிக்கு உண்மை. அந்தக் கால நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) 200 பார் அளவு அழுத்தத்தில் திறக்கும். இன்றைய காமன் ரயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பில், 1600 முதல் 2000 பார், சிலவற்றில் அதற்கும் மேல். இவ்வளவு அழுத்தத்தைக் கசியாமல் பிடித்து வைக்க ரப்பர் வாஷரால் முடியாது. டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் உலோகப் பாகங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான் விட்டிருப்பார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த இடுக்கில் எண்ணெய் போட வேறு வழி கிடையாது, ஓடும் டீசலே மசகு எண்ணெயாகவும் இருக்கும்.

அங்கே தண்ணீர் போனால் மூன்று விதத்தில் கெடுக்கும். மசகு இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசும், இது ஓடும்போது. வண்டியை நிறுத்தி வைத்த இரவில் துரு பிடிக்கும். இன்ஜெக்டருக்குள் ஒரு சின்ன வால்வு குண்டு உட்காரும் இடம் உண்டு, அதில் ஊசிமுனை அளவு துரு அரித்தாலும் அழுத்தம் நிற்காது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். மூன்றாவது, நாசில் முனையின் சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி முனையையே சிதைத்துவிடும்.

இன்னொன்று. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்4 வந்தபோது டீசலில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும் அது 10 பிபிஎம். கந்தகத்தை எடுக்கும் முறையில் டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்பும் கூடவே போய்விடுகிறது. அதை ஈடுகட்ட சுத்திகரிப்பு நிலையத்தில் தனியாக மசகுப் பொருள் சேர்க்கிறார்கள். உரசல் சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்று வரம்பே உண்டு. தர நிர்ணயப்படி கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்கலாம். பங்க்கிலிருந்து வரும் டீசல் முழுக்கக் காய்ந்ததாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மீதி வேலை உங்கள் ஃபில்டருடையது.

எட்டு சக்கரம் (நாமக்கல்)
லாரியில் காலையில் டயர் தட்டிப் பார்ப்பது போலத்தான் இதுவும். புது பிஎஸ்6 வண்டியில் சேசிஸ் ஓரம் ஒரு முதல் ஃபில்டர், தண்ணீர் பிரிப்பதற்கு. இன்ஜின் மேல் இன்னொன்று, தூசிக்கு. முதல் ஃபில்டரின் கிண்ணத்தை டிரைவர் தினமும் பார்த்துத் திறந்து விட்டுவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். கார்க்காரர்கள் சர்வீஸில் விட்டால் சரி என்று இருந்துவிடுகிறார்கள்.

காவிரிக்கரை
அண்ணாச்சி சொன்னபடி செய்தேன். சாஸ் பாட்டிலைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிடித்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் செம்மண் நிறத்தில் பொடி படிந்திருக்கிறது. மேலே டீசல். அதுவும் தெளிவாக இல்லை, பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியவில்லை. திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. ரெக்கவரி வண்டி சொல்லிவிட்டேன்.

பழைய அம்பாசடர்
அது தண்ணீர்தான் என்று எப்படித் தெரியும்? மட்டமான மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம்.

கெமிஸ்ட்ரி வாத்தியார் (பெரம்பலூர்)
மண்ணெண்ணெய் டீசலோடு ஒன்றாகக் கரைந்துவிடும் சார், இப்படி அடியில் பிரிந்து நிற்காது. சந்தேகம் இருந்தால் உரக்கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொஞ்சம் வாங்குங்கள். சமையலுக்குப் பயன்படாத பழைய இரும்புத் தட்டில், வீட்டுக்கு வெளியே, நீல நிறம் போய் வெள்ளைப் பொடியாகும் வரை மெல்லச் சூடாக்கி ஆறவிடுங்கள். கீழே நிற்பதில் ஒரு சொட்டு அதன் மேல் விட்டால், தண்ணீராக இருந்தால் உடனே நீலமாகும். நல்ல டீசலில் வெள்ளையாகவே இருக்கும். மயில்துத்தம் விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். டீசல் பாட்டிலையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

காவிரிக்கரை
நீலமானது. வாத்தியாருக்கு நன்றி. ஆனால் பங்க்கில் இன்னமும் டென்சிட்டி கணக்கையே சொல்கிறார்கள். காலையில் எழுதிய அளவுக்கும் இப்போது எடுத்த அளவுக்கும் வித்தியாசம் மூன்று புள்ளிக்குள்தான், எனவே டீசல் சுத்தம் என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

மைக்ரான்
நல்ல கேள்வி, நிறைய பேர் இதில்தான் வாயடைத்துப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டீசலின் அடர்த்தி கன மீட்டருக்கு 830 கிலோ, தண்ணீர் 1000 கிலோ. நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் கலவையின் அடர்த்தி 831.7. அதாவது 50 லிட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் கலந்தாலும் வித்தியாசம் 1.7 புள்ளிதான், அவர்கள் சொல்லும் மூன்றுக்குள் அடங்கிவிடும். அரை லிட்டர் என்பது காமன் ரயிலுக்குப் பெரிய விபத்து. டென்சிட்டி சோதனை மண்ணெண்ணெய், கரைப்பான் போன்ற கலப்படத்தைப் பிடிக்க வந்தது. தண்ணீரைப் பிடிக்க அது கருவி இல்லை.

தண்ணீருக்கு வேறு சோதனை இருக்கிறது. நிலத்தடி டேங்க்கின் ஆழம் பார்க்கும் கம்பியின் அடிப்பகுதியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட்டைத் தடவி இறக்குவார்கள். தண்ணீர் எந்த உயரம் வரை இருக்கிறதோ அந்த உயரம் வரை பேஸ்ட் நிறம் மாறிவிடும். எல்லா பங்க்கிலும் அந்தப் பேஸ்ட் இருக்க வேண்டும். "என் கண் முன்னால் பேஸ்ட் போட்டு இறக்குங்கள்" என்று கேளுங்கள்.

எட்டு சக்கரம்
அதோடு, டேங்கர் வந்து இறக்கிக்கொண்டிருக்கும் பங்க்கில் டீசல் போடாதீர்கள். பம்ப் டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே இருந்துதான் இழுக்கும், அதனால் அடியில் தண்ணீர் இருந்தாலும் சும்மா கிடக்கும். டேங்கர் இறக்கும்போது அது கலங்கி எழும்பும். மழைக்காலத்தில், தாழ்வான இடத்தில் இருக்கும் பங்க்கில், டேங்க் மூடிகள் இருக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பேன். நின்றால் அடுத்த பங்க்.

மரக்காணம்
இவ்வளவு தூரம் போவானேன்? டேங்க்கை எப்போதும் முக்கால் அளவுக்குக் குறையாமல் வைத்தால் தண்ணீரே வராது. காலியான இடத்தில் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான் காரணம் என்று எங்கள் மெக்கானிக் சொல்வார்.

மைக்ரான்
அந்த ஈரத்தையும் அளந்து பார்ப்போம். 30 டிகிரியில் முழு ஈரப்பதமுள்ள காற்றில் கன மீட்டருக்கு 30 கிராம் நீராவி. 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது 22 கிராம்தான் பிடிக்கும். உங்கள் டேங்க்கில் 50 லிட்டர் காலி இடம் இருந்தால், ஓர் இரவில் அரை மில்லி கூடச் சொட்டாது. தினமும் ஓடும் வண்டியில் அதைத் தாராளமாக மறந்துவிடலாம். பாட்டிலில் இரண்டு விரல் உயரம் இந்த வழியில் வராது.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. காமன் ரயிலில் இன்ஜெக்டருக்குத் தேவைப்படாத டீசல் சூடாகி டேங்க்குக்கே திரும்பும். சூடான டீசல் அதிகத் தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். வண்டி நின்று குளிர்ந்ததும் அது பிரிந்து அடியில் இறங்கும். இதுவும் சிறிய அளவுதான், ஆனால் கிண்ணத்தை ஏன் அவ்வப்போது வடிக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம். மாதக்கணக்கில் நிற்கும் ஜெனரேட்டர், அறுவடை இயந்திரம் இவற்றுக்கு மட்டும் மரக்காணம் நண்பர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

வடமராட்சியான் (யாழ்ப்பாணம்)
நிற்கிற டீசலைப் பற்றிச் சொல்ல எங்களிடம் அனுபவம் உண்டு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்த டீசலைச் சனம் பரலிலும் கானிலும் சேர்த்து வைத்தது. பிறகு கியூஆர் முறை வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று ஒழுங்கானாலும், சேர்த்தது பலரிடம் அப்படியே கிடந்தது. அடுத்த மாரியில் அதை எடுத்து வாகனத்துக்கு விட்டவர்களுக்குப் பில்டரில் கறுப்பாகச் சளி மாதிரி ஒன்று பிடித்தது. எங்கள் கராஜ்காரர் கழற்றிக் காட்டினார், கடதாசி மடிப்பெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. அது என்ன சாமான்?

மைக்ரான்
நுண்ணுயிர்கள் ஐயா. டீசலுக்குள் அவற்றால் வாழ முடியாது, அடியில் நிற்கும் தண்ணீரில் இருந்துகொண்டு மேலே உள்ள டீசலைத் தின்னும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பாசி போலப் படரும். அமிலத்தையும் உண்டாக்கும், டேங்க் துருப்பிடிக்கும். மருந்து ஊற்றிக் கொன்றாலும் செத்த சளி ஃபில்டரைத்தான் அடைக்கும். தண்ணீரை எடுத்து டேங்க்கைக் கழுவினால் ஒழிய அது போகாது. தாவர எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்தால் இன்னும் கவனம் தேவை, அது தண்ணீரை அதிகமாக ஈர்க்கும். இந்தியத் தர நிர்ணயம் 7 சதவீதம் வரை கலக்க அனுமதிக்கிறது.

கடலோடி (காசிமேடு)
எங்கள் விசைப்படகில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த பிரிப்பான் இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியும், அடியில் கோடு போட்ட மாதிரி தண்ணீர் நிற்கும். திருகைத் திறந்து விடுவோம். படகு ஆடுகிற ஆட்டத்தில் டேங்க் அடியில் இருப்பதெல்லாம் கிளம்பி வந்துவிடும், அதனால் கடலில் இருக்கும்போது அடிக்கடி பார்க்க வேண்டும். காரில் ஏன் இந்தக் கண்ணாடிக் கிண்ணம் வைப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

வேப்பமரத்தடி
அதையே நான் கேட்க வந்தேன். சந்தையில் தனியாகத் தண்ணீர் பிரிப்பான் விற்கிறார்கள். காரில் மாட்டலாமா?

பம்ப்ஷாப் அண்ணாச்சி
மாட்டலாம், மாட்டியும் கொடுத்திருக்கிறோம், ஆனால் யாருக்கும் நானாகச் சொல்வதில்லை. காரணம் இரண்டு. ஒரு குழாயை வெட்டினால் இரண்டு புது இணைப்பு வரும். உறிஞ்சும் பக்கத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் டீசல் கசியாது, காற்று உள்ளே போகும். அப்புறம் ஏர் லாக், காலையில் ஸ்டார்ட்டிங் பிரச்சினை, எங்கே கோளாறு என்று தேடித் தேடி அலுத்துப் போவீர்கள். உத்தரவாதம் இருக்கும் வண்டியில் அதைக் காட்டியே கையை விரித்துவிடுவார்கள். பட்டறை ஜெனரேட்டர், டிராக்டர், வாடகைக்கு ஓடும் பிக்கப் என்றால் தாராளமாக வையுங்கள்.

மைக்ரான்
இடமும் முக்கியம். டேங்க்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கும் வண்டிகளில், அந்த பம்ப் தண்ணீரை மத்தால் கடைந்த மோர் போலக் கலக்கி அனுப்புகிறது. பெரிய சொட்டு அடியில் இறங்கும், இப்படிப் பொடியான துளி டீசலோடு சேர்ந்தே மிதந்து போகும். வெறும் கிண்ணம் அதைப் பிடிக்காது. அதனால்தான் புது ஃபில்டர்களில் அடுக்கடுக்காகத் துணி வைக்கிறார்கள். முதல் அடுக்கு பொடித் துளிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கும். அடுத்த அடுக்கு தண்ணீரை ஒட்டவிடாத வலை, சொட்டு அதில் முட்டிக் கீழே விழும். கடலோடி அண்ணன் கேட்டதற்கும் பாதி பதில் இதுதான்.

பழைய அம்பாசடர்
டேங்க்குக்குக் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றினால் வழவழப்பு வந்துவிடும், தண்ணீரும் ஒன்றும் செய்யாது. எங்கள் காலத்து வைத்தியம்.

பம்ப்ஷாப் அண்ணாச்சி
உங்கள் ஜீப்புக்குச் சரி அண்ணே. பிஎஸ்6 வண்டியில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஆயில் எரிந்து வரும் சாம்பல் அதில் தங்கினால் எரித்துப் போக்க முடியாது, கழற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீரைக் கரைத்து இன்ஜின் வழியாகவே அனுப்பிவிடும் என்று சொல்லி விற்கும் மருந்துகளும் வேண்டாம். கரைந்தாலும் அது போகும் வழி அந்த இரண்டு மைக்ரான் இடுக்குதான். எனக்கு அதில் நம்பிக்கை வந்ததே இல்லை.

புது டிரைவர்
ஒரு சந்தேகம். புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியா கரைசலுக்கான நீல மூடி போட்ட வாய் டீசல் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாற்றி ஊற்றிவிட்டால்?

எட்டு சக்கரம்
சாவியைத் தொடாதே தம்பி! அதில் மூன்றில் ஒரு பங்குதான் யூரியா, மீதி தண்ணீர். சாவியை ஆன் செய்தாலே டேங்க் பம்ப் ஓடி எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிடும், அப்புறம் குழாய்க்குள் யூரியா உப்பாகக் காயும். ஊற்றிய இடத்திலேயே நிறுத்தி டேங்க்கை இறக்கினால் டேங்க் கழுவும் செலவோடு தப்பலாம்.

காவிரிக்கரை
எல்லோருக்கும் நிலவரம் சொல்லிவிடுகிறேன். டேங்க்கை இறக்கிக் கழுவி, குறைந்த அழுத்தக் குழாய்களை ஊதி, ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு ரிட்டர்ன் சோதனை: ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் சின்னக் குப்பி மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று குப்பிகள் ஒரே அளவு, நான்காவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதாவது அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. அந்த ஒரு இன்ஜெக்டரை மாற்ற வேண்டும். எரிபொருளில் கலந்ததால் வந்த கோளாறு உத்தரவாதத்தில் வராது என்று கையேட்டிலேயே இருக்கிறது, கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பங்க்கில் பேஸ்ட் போடச் சொன்னதும் மேனேஜர் இல்லை என்றார்கள். பில், பாட்டிலின் படம், பட்டறை எழுதிக் கொடுத்த தாள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணெய் நிறுவனத்துக்கும், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வருமா தெரியாது.

பம்ப்ஷாப் அண்ணாச்சி
ஒரு இன்ஜெக்டரோடு போனது நல்ல நேரம். உயர் அழுத்த பம்ப் தேய்ந்து உலோகத் துகள் விட்டிருந்தால் ரயில், நான்கு இன்ஜெக்டர், குழாய், டேங்க் என்று மொத்தத்தையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்தார்களா? மடிப்பில் மினுமினுவென்று துகள் இருந்தால் பம்ப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காவிரிக்கரை
வெட்டினார்கள். துரு மட்டும்தான், மினுக்கம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. புது ஃபில்டரை மாட்டும் முன் பட்டறைப் பையன் கேனில் இருந்த டீசலை அதில் ஊற்றி நிரப்பினான். காற்று பிடிக்காமல் இருக்க அப்படித்தான் செய்வோம் என்றான். சரியா?

எட்டு சக்கரம்
நாங்களும் அப்படித்தான் செய்வோம். இல்லாவிட்டால் ஏர் எடுப்பதற்குள் பேட்டரி போய்விடும்.

பம்ப்ஷாப் அண்ணாச்சி
பழைய வண்டிக்கு அது வழக்கம், தப்பில்லை. காமன் ரயிலில் செய்யக்கூடாது. ஃபில்டரின் நடு ஓட்டைதான் வடிகட்டிய டீசல் வெளியே போகும் பக்கம். அதில் ஊற்றினால் கேனில் இருக்கும் தூசி வடிகட்டாமலேயே நேராக பம்ப்புக்குப் போகும். லாரியில் முதல் ஃபில்டருக்கு மேல் கையால் அழுத்தும் பம்ப் இருக்கிறது, அது கடினமாகும் வரை அழுத்தினால் போதும். காரில் அது இல்லையென்றால் சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு, ஆஃப் செய்து, மறுபடி ஆன், இப்படி நான்கைந்து முறை. டேங்க் பம்ப்பே நிரப்பிவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட்டர்.

காவிரிக்கரை
அப்படியென்றால் இப்போது ஊற்றியதற்கு என்ன செய்வது?

பம்ப்ஷாப் அண்ணாச்சி
ஓடிவிட்டதென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. கேன் சுத்தமாக இருந்ததா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இன்ஜெக்டர் மாற்ற விடும்போது ஃபில்டரையும் இன்னொன்று போட்டுவிடுங்கள், கம்பெனி பெட்டியிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லி. புது இன்ஜெக்டரின் மேல் எழுதியிருக்கும் எண்ணை ஸ்கேனர் மூலம் வண்டியின் கணினியில் ஏற்றினார்களா என்றும் பாருங்கள், அதை விட்டுவிட்டால் உதறல் போகாது.